வயிற்றுக்குள் போன நீலம்

சேற்றிலிருந்து எடுத்தது நீலக்கல்லா, வெறுங்கல்லா என்று பார்க்கக் குழிக்காரர்கள் செய்வது ஒன்றுதான். வாயில் போட்டுச் சப்பி, எடுத்து வெயிலில் பிடிப்பார்கள். எச்சில் பட்டால்தான் நிறம் தெரியும். ஒல்லியும் சல்லடையில் கிடைத்த கல்லை அப்படித்தான் வாயில் போட்டான். அந்த நேரம் பார்த்தா கால் வழுக்க வேண்டும்! எழுந்தபோது வாய் காலி.

முழுங்கிவிட்டேன் என்றான். யார் நம்புவார்? குழியில் பங்கு போட்டிருந்த பங்குக்காரர்கள் இருவரும் அவன் சட்டையை உதறினார்கள், சேற்றை மறுபடி சலித்தார்கள். கல் இல்லை. ஒல்லிக்கோ செய்யாத தப்புக்கும் திருட்டு முழி முழிக்கிற பிறவி முகம். கை நீண்டவன் என்று ஒருமுறை பெயர் வாங்கினால் பிறகு எந்தக் குழியிலும் இறங்க விடமாட்டார்கள். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது.

அப்போதுதான் குழித் தண்ணீரை இறைக்கும் பம்பை நிறுத்திவிட்டு மச்சான் வந்தார். ஒல்லி கட்டியிருப்பது அவர் தங்கையைத்தான். அவருக்கு அந்தக் கல்யாணத்தில் கொஞ்சமும் இஷ்டமில்லை. கயிற்றைப் பிடி, மண்ணை அள்ளு என்பதைத் தாண்டி அவனிடம் பேசியதில்லை, ஒருநாளும் முறை சொல்லி அழைத்ததுமில்லை.

"அவன் முழுங்கினத நான் பாத்தேன்," என்றார். "கல்லு வரலன்னா என்னையும் சேத்து வெளியே தள்ளுங்க."

அவர் வீட்டிலேயே ஒல்லியை உட்காரவைத்தார்கள். தங்கை வாழைப்பழமாக உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வாசலில் பங்குக்காரர்கள் காவல், கழிப்பறைக்கு மச்சான் காவல். கல் வருகிற வழியாயில்லை. உண்மையில் முழுங்கினோமா என்று ஒல்லிக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன்னோடு மச்சான் பிழைப்பும் போகிறதே என்று அழுதான்.

கடைசியில் ஒரு காலையில் கழிப்பறையில் வைத்திருந்த வாளிக்குள் 'டங்' என்றது. அப்பாடா! நன்றாகக் கழுவிக் கொடுத்தார்கள். பழக்க தோஷத்தில் ஒரு பங்குக்காரர் அதை வாய் வரைக்கும் கொண்டுபோய்ச் சட்டென்று கையை இறக்கினார். வெயிலில் பிடித்தால் அசல் நீலம். ஒல்லியின் தோளைத் தட்டிவிட்டு இருவரும் கிளம்பினார்கள்.

மச்சான் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒல்லி பக்கத்தில் போய் நின்றான்.

"நல்லவேளை மச்சான், நான் முழுங்கினத நீங்க பாத்தீங்க."

"நான் எங்க பாத்தேன்? பம்புப் பக்கம் திரும்பி நின்னேன்."

ஒல்லி திருதிருவென்று முழித்தான்.

"தங்கச்சியக் கேட்டு வந்தப்பவும் இதே முழிதான் முழிச்ச. அன்னிக்கு நான் நம்பல. ஆனா அவ நல்லாத்தானே இருக்கா," என்றார் மச்சான். வாளியைக் கவிழ்த்து வைத்தார். "பழம் மிச்சம் இருக்கு. சாப்பிடு மாப்பிள்ள."