இடக்கை அடி

நகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டேதான் உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளித் தோட்டை எடுத்து, சன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் கணவரின் இடது உள்ளங்கையில் வைத்தார்.

"அண்ணே, பழைய கை திரும்பிடுச்சு உங்களுக்கு! வர்றவங்கல்லாம் தடவித் தடவிப் பாக்குறாங்க. இதே மாதிரி இன்னும் பத்து ஜோடிக்குத் தகடு வேணும். மாதிரிக்கு இது இருக்கட்டும்."

அவள் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது. இருபது வருடம் தகடு அடித்த கை. வழவழப்பான வெள்ளித் தகட்டை இரும்புக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து, தூறல் விழுந்த மணல் மாதிரி குழிகளாக்கித் தருவார். அதை வெட்டித்தான் கடையில் தோடு செய்வார்கள். கை விழுந்த பிறகு இடக்கையால் அடிக்கப் பழகினார். ஒரு குழி ஆழமாக இருக்கும், ஒன்று பட்டும் படாமலும் இருக்கும், சில இடங்களில் தகடே கிழிந்திருக்கும். "பரவால்லையா?" என்று அவள் முகத்தைப் பார்ப்பார். "நல்லாத்தானே இருக்கு" என்பாள். வாரத்தில் மூன்று நாள் அவருடைய தம்பி அவரைக் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவான். அந்த நேரத்தில் அவள் வேறு தகடு அடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, அவர் அடித்ததை உருக்கிவிடுவாள். பார்த்துப் பார்த்தே கை பழகியிருந்தது. அவரைவிட நன்றாக வருகிறதோ என்று ஒரு நாள் தோன்றியபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைக்காரர் போன பிறகும் அவர் தோட்டை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"குழியெல்லாம் இடப்பக்கமா சாஞ்சிருக்கு." கோணிய வாயில் சொற்கள் குழறின. "இது வலக்கை அடி."

தோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"நான் அடிச்சதுல ஒண்ணாவது கடைக்குப் போச்சா?"

ஆமாம் என்று ஒரு பொய் போதும். இத்தனை நாள் தடுமாறாமல் வந்த பொய் அப்போது வரவில்லை.

சுவரைப் பிடித்து எழுந்தார். சுத்தியலை எடுத்தார். அதன் முகத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருப்பார். அதில் ஒரு கீறல் விழுந்தால் அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்தக் கீறலும் பதியும். அந்த முகத்தை இரும்புக் கல்லின் கூர் விளிம்பில் ஓங்கி அடித்தார். மூன்று முறையும் ஒரே இடத்தில் பட்டு, முகத்தில் மெல்லிய வெட்டு விழுந்தது. இடக்கை ஒரு முறைகூடக் குறி தப்பவில்லை.

"இந்தா. இனிமே என் கண்ணு முன்னாடியே அடி."

"தேய்ச்சு எடுத்துடலாங்க. ரெண்டு மணி நேர வேலைதான்..."

"அப்படியே அடி."

அவள் உட்கார்ந்தாள். புதுத் தகட்டைக் கல்லில் வைத்தாள். முதல் அடி விழுந்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று நினைத்தாள். மூடவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. ஓரத்திலிருந்து ஓரம் வரை தகடு நிறைந்தது. ஒவ்வொரு குழியின் அடியிலும் மயிரிழையாய் ஒரு வெட்டு. சன்னல் வெயில் பட்டுக் குழிகளெல்லாம் மின்னின. வெட்டுகள் மட்டும் கறுப்பாகவே கிடந்தன.