மிராசுதார் அழுத நாடகம்

கல்லும் கரையும்படி எழுதிவிட்டால் ஊர் திருந்திவிடும் என்று நம்பிய பைத்தியக்காரன் உலகநாதன். பாகூர்ப் பக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வாத்தியார். ஏரித் தண்ணீரையெல்லாம் தன் கரும்புக்கே பாய்ச்சிக்கொண்ட மிராசுதார் பலராமனைத் திருத்தவென்றே மூன்று மாதம் மாய்ந்து மாய்ந்து நாடகம் எழுதினான். கடைசிக் காட்சியில் மிராசுதார் அழுது, தன் கையாலேயே மடையைத் திறந்துவிடுவார். கடைமடைக்காரர்கள் தங்களுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே ஒரு மடையை முறைவைத்துக் காவல் காத்துவந்தார்கள். அவர்களையும் வீடு வீடாகப் போய் அழைத்தான்.

நாடகம் பார்த்த பலராமன் மெய்யாகவே அழுதார். மேடையேறி ஜரிகைச் சால்வை போர்த்தினார். உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்ததும் சால்வையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர் பாய்வதைப் பார்க்க ஓடினான். அந்த ஒரே மடையிலும் இடுப்பளவு புது மண். நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வயலுக்கு வந்த கொஞ்சம் தண்ணீரும் நின்றுபோயிருந்தது. நேரே பலராமன் வீட்டுக்குப் போனான்.

"வா வாத்தியாரே. அந்த மிராசு அழுவுறான் பாரு, என் வூட்டுப் பொம்பளைங்க இன்னும் அதையே பேசிக்கினு கெடக்குறாங்க."

"மடைய அடைச்சிருக்கீங்களே."

"கரும்பு காயுது, அடைச்சாங்க. அது வயலு, இது நாடகம். ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதபா. அடுத்த வாரம் கிருமாம்பாக்கத்துல என் மச்சான் வூட்டுக் கல்யாணம். இதையே போட்டுடு."

உலகநாதன் அந்த முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை, பழக்கத்தில் கும்பிட்டுவிட்டு வந்தான். அந்தக் கும்பிடு வழியெல்லாம் அவனைச் சுட்டது.

மடையில் கடைமடைக்காரி பவுனம்மாள் தனியாளாக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்ததே அந்தக் கால் காணி நெல்தான்.

"அடைக்கும்போது யாரும் தடுக்கலியா?" என்று கேட்டான்.

அவள் நிமிர்ந்து சால்வையைப் பார்த்தாள். "தடுக்க யாரு இருந்தா? காவலுக்கு நின்ன ஆம்பளைங்க, நானு, எல்லாரையும் நீதானே வந்து கூப்ட்ட? மொத வரிசையில குந்திக்கினு அவன் அழுவுறத வேடிக்க பாத்தோம். அந்த நேரத்துலதான் அவன் ஆளுங்க இங்க மண்ணக் கொட்டினானுங்க."

"கிருமாம்பாக்கத்துலயும் போடச் சொல்றாரு" என்றான்.

"போய்ப் போடு. அங்கயும் மடை இருக்குது."

உலகநாதன் சால்வையை உருவி எறிந்தான். மண்வெட்டிக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.