கல்யாணப் பெண்ணின் தலையில் பேன்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் ஏஞ்சலின் பியூட்டி பார்லர் இருந்தது. கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஹிணி அங்கே போய் உட்கார்ந்தாள். முகூர்த்தத்துக்கு எந்தப் பின்னல் எடுப்பாக இருக்கும் என்று அன்றைக்கு ஒத்திகை. ஏஞ்சல் தலையை நாலு பாகமாகப் பிரித்து, வாயில் ஹேர்பின்னைக் கவ்விக்கொண்டு பின்ன ஆரம்பித்தவள், பாதியில் கையை நிறுத்தினாள். ஹேர்பின்னை வாயிலிருந்து எடுத்தாள்.

"ரோஹிணி, ஒண்ணு சொன்னா தப்பா எட்த்துக்க மாட்டியே?"

"பின்னல் நல்லா வரலையா அக்கா?"

"பின்னல்லாம் சூப்பரா கீது. உள்ளதான் ஆள் நடமாட்டம் கீது."

ரோஹிணிக்கு முதலில் விளங்கவில்லை. ஏஞ்சல் ஒரு டிஷ்யூ பேப்பரில் எதையோ எடுத்து வைத்து முன்னால் நீட்டினாள். எள்ளு மாதிரி ஒன்று, காலை ஆட்டிக்கொண்டு இருந்தது.

ரோஹிணி பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. டீச்சர். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். கதை சொல்ல உட்கார்ந்தால் நாலு பேர் மடியிலும் ரெண்டு பேர் தோளிலும்தான் இருப்பார்கள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து சில பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த அம்மாக்களை ஒவ்வொருவராகத் தனியாகக் கூப்பிட்டு, "அழுக்கா இருந்தா வர்றது இல்லைங்க இது. தலையோட தலை ஒட்டினா யாருக்கும் வரும். இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பியவள் ரோஹிணிதான். இப்போது அவள் துப்பட்டாவை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். காது ரெண்டும் சுட்டன.

"இன்னாத்துக்கு இப்டி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற?" ஏஞ்சல் தன் சீப்புகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டபடி சொன்னாள். "எம் பொண்ணுக்கு வர்சத்துக்கு ரெண்டு தபா வர்து. கீழ டெய்லர் கட பக்கத்துல மெடிக்கல்ல ரோஸின்னு ஒரு பொண்ணு கீது. போய்க் கேளு. ஊர்ல ஆயிரம் பேர் ஆயிரம் சொல்லுவாங்க, அதெல்லாம் தலைல பூசிக்காத."

ஆயிரம் பேரில் முதல் ஆள் படிக்கட்டிலேயே கிடைத்துவிட்டாள். ரோஹிணி போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள் அம்மா காந்திமதி ஒரேயடியாகப் பேசினாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க, பொண்ணு தலைகூட ஒழுங்கா வாராதுன்னு நினைப்பாங்க. மண்ணெண்ணெய் எங்கயாவது கிடைக்குமா பாரு. இல்லேன்னா விடு, எறும்புக்குக் கோடு போடுற சாக்பீஸ் வீட்டுல இருக்கு. பொடி பண்ணித் தேய்ச்சிடலாம்."

"அம்மா, அது எறும்பைக் கொல்ற விஷம்."

"பேனைக் கொல்றதும் விஷம்தானேடி?"

ரோஹிணி போனை வைத்துவிட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தாள். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ரோஸி, ரோஹிணி வயசுதான் இருக்கும், மாத்திரை அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தாள். ரோஹிணி குனிந்து ரொம்ப மெதுவாகக் கேட்டாள். ரோஸிக்கு மெதுவாகப் பேசும் வழக்கமே இல்லை.

"பேனுக்கா மேடம்?"

பக்கத்தில் பி.பி. மாத்திரை வாங்க நின்றவர் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

"உங்களுக்கா, குழந்தைக்கா? ரெண்டு வயசுக்குக் கீழன்னா நான் தரமாட்டேன், டாக்டரத்தான் பார்க்கணும்."

"எனக்குத்தான்."

"தலையில புண்ணு, வெட்டுக்காயம் ஏதாவது? ஆஸ்துமா? எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா? கர்ப்பமா இருக்கீங்களா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமைதான் கல்யாணம்."

"அப்போ இல்லைன்னு எடுத்துக்கறேன்" என்று ரோஸி சிரித்தாள். ரோஹிணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ரோஸி ரெண்டு பாட்டிலும், பல் ரொம்ப நெருக்கமான இரும்புப் பேன் சீப்பு ஒன்றும் எடுத்து வைத்தாள். பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டிக்காட்டிச் சொன்னாள். சில மருந்தைக் காய்ந்த தலையில் போட வேண்டும், சிலதை ஈரத் தலையில். இது ஈரத் தலைக்கு. முதலில் சாதாரண ஷாம்பு, கண்டிஷனர் கூடாது. துண்டால் துவட்டிவிட்டு இதைத் தேய்க்க வேண்டும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாக.

"பத்தே நிமிஷம். ஒன்பதும் வேணாம், இருபதும் வேணாம். அப்புறம் சிங்க்ல குனிஞ்சு தலையை மட்டும் அலசுங்க. ஷவர்ல நின்னா மருந்து உடம்பெல்லாம் வழியும். கண்ணை ஒரு துண்டால பொத்திக்கங்க. சீப்பால வாரி எடுங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வாரிப் பாருங்க. ஈருக்குள்ள இருக்கிறது அப்புறமாத்தான் பொரியும், அதனால ஒன்பது நாள் கழிச்சு ரெண்டாவது பாட்டில்."

ரோஹிணி விரல் விட்டு எண்ணினாள். ஒன்பது நாள் கழித்து என்றால், கல்யாணம் முடிந்த செவ்வாய்க்கிழமை. மாப்பிள்ளை பிரணவ் வீட்டில் இருப்பாள்.

"முன்னாடியே போட்டுட்டா?"

"போடக் கூடாது. அதுக்கப்புறமும் உயிரோட ஏதாவது ஓடினா மூணாவது தடவை நீங்களா போடாதீங்க, டாக்டர்கிட்ட போங்க. வீட்டுல மத்தவங்களுக்குத் தலையைப் பார்த்துட்டு, இருந்தாத்தான் மருந்து."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காந்திமதியை உட்காரவைத்து வாரிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "என் தலையில எப்பவும் இருந்ததில்லை" என்று காந்திமதி பெருமையாகச் சொல்லிவிட்டு, போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்க் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைக்க ஆரம்பித்தாள். ஒரு பெட்ஷீட்டைக்கூட விடவில்லை. நடுநடுவே வந்து யோசனையும் சொன்னாள்.

"பத்து நிமிஷத்துல என்னடி சாகும்? ஒரு மணி நேரம் ஊறட்டும். ரெண்டு பாட்டிலையும் இன்னிக்கே ஊத்தி, பிளாஸ்டிக் கவர் கட்டிக்கோ. கல்யாணத்தன்னிக்கு நிம்மதியா இருக்கலாம்."

"தலை வெந்துபோய் மணமேடையில உட்காரணுமாம்மா?"

காந்திமதி அடுத்த பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு போனாள். ரோஹிணி பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, ஷாம்பு போட்டு அலசித் துவட்டி, மருந்தைத் தேய்த்து, போனில் பத்து நிமிஷம் அலாரம் வைத்தாள். துண்டை நெற்றியில் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

ஏழாவது நிமிஷத்தில் காலிங் பெல் அடித்தது.

வந்தது பிரணவின் அம்மா அபிதகுஜாம்பாள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பேச்சை வளர்க்க மாட்டார். ரிசப்ஷன் பிளவுஸ் தைத்து வந்துவிட்டது, அளவு சரியாக இருக்கிறதா என்று ரோஹிணியைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தார்.

"ரோஹிணி எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டிருக்கா சம்பந்தி" என்று அம்மா சொல்வது கதவு வழியாகக் கேட்டது. "லேட்டாகும். நீங்க வேணும்னா வெச்சிட்டுப் போங்களேன்."

"பரவாயில்லை, இருந்து பார்த்துட்டே போறேன்."

சோபா கிறீச்சிட்டது. அதே நேரத்தில் அலாரமும் அடித்தது. ரோஹிணி அவசரமாக அதை அணைத்து, வாஷ் பேசின் குழாயைத் திருகினாள். குழாய் ஒரு தடவை இருமியது, ரெண்டு சொட்டு விட்டது, நின்றுபோனது. ஷவரைத் திருகினாள், அதுவும் காற்றைத்தான் விட்டது. பக்கெட்டைப் பார்த்தாள். காலி. வீட்டுப் பெட்ஷீட்டெல்லாம் ஒரே நாளில் துவைத்தால் மாடித் தொட்டியில் தண்ணீர் எங்கே இருக்கும்?

கதவை ஒரு விரல்கடை திறந்து அம்மாவைக் கூப்பிட்டாள். காந்திமதி ஓடிவந்தாள்.

"தண்ணி நின்னுபோச்சு."

"வாட்ச்மேன் வெற்றிவேலுக்குப் போன் பண்றேன். மோட்டார் போட்டா இருபது நிமிஷத்துல வந்துடும். நீ சத்தம் போடாம உள்ளயே இரு."

"இருபது நிமிஷம் வைக்கக் கூடாதும்மா. சமையல்கட்டுல கேன் தண்ணி இருக்குல்ல?"

"அங்க போகணும்னா ஹாலைத் தாண்டணும்டி."

பிடரியில் லேசாகக் காந்த ஆரம்பித்திருந்தது. நிஜமாகவே காந்துகிறதா, பயத்தில் காந்துகிறதா என்று ரோஹிணிக்குத் தெரியவில்லை. அவளுக்குச் சட்டென்று வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் தலையைக் குனிந்துகொண்டு, "வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம் மிஸ்" என்று சொன்ன ஒருத்தி. அவளிடம் எவ்வளவு சுலபமாகப் பேசிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். அம்மாவை மெல்லத் தள்ளிவிட்டு, தலையில் நுரையும் நெற்றியில் துண்டுமாக ஹாலுக்குப் போய் நின்றாள்.

"அத்தை, எண்ணெய் இல்லை. தலையில பேன் இருக்கு, மருந்து போட்டிருக்கேன். அலசத் தண்ணி இல்லை."

அபிதகுஜாம்பாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார்.

"போட்டு எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பன்னெண்டு."

"எத்தனை வைக்கணும்?"

"பத்து."

"அப்போ பேச்செல்லாம் அப்புறம். கேன் எங்க இருக்கு?"

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நேரே சமையல்கட்டுக்குப் போனார். சிங்க்கில் இருந்த பாத்திரங்களை ரெண்டு கையாலும் எடுத்து ஓரம் வைத்தார். ரோஹிணி குனிந்தாள். சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கேனைச் சாய்த்துப் பிடித்து, சொம்பில் பிடித்துப் பிடித்து ஊற்றினார்கள்.

"கண்ணை மூடிக்கோ. துண்டை அழுத்திப் பிடி. சம்பந்தி, காதுக்குப் பின்னாடி ஊத்துங்க, அங்க இன்னும் வழவழன்னு இருக்கு."

முக்கால் கேன் காலியானது. பிறகு பால்கனி வெயிலில் வெள்ளைத் துண்டை விரித்து உட்காரவைத்து, அபிதகுஜாம்பாளே சீப்பை வாங்கிக்கொண்டார். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைக் காந்திமதி சத்தமாகப் படிக்க, இவர் வாரினார். வாரி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. துண்டில் பதினாலு விழுந்தன. அரிப்பு இன்னும் சில நாள் இருக்கலாம், அதற்காகத் திரும்ப மருந்து போட வேண்டாம் என்று தாளில் இருந்ததைக் காந்திமதி ரெண்டு தடவை படித்தாள்.

"சம்பந்தி, நீங்க தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்று அவள் தயங்கித் தயங்கித் தொடங்கியபோது, அபிதகுஜாம்பாள் சீப்பை நிறுத்திவிட்டு எதையோ யோசித்தார்.

"போன வாரம் ஏரிக்கரையில உங்க ரெண்டு பேரையும் போட்டோ எடுத்தாங்களே, நெத்தியோட நெத்தி ஒட்ட வெச்சு. எவ்வளவு நேரம் நிக்க வெச்சான் அந்த போட்டோக்காரன்?"

"முக்கால் மணி நேரம் அத்தை. வெளிச்சம் சரியில்லைன்னு சொல்லிச் சொல்லி."

"மூணு நாளா பிரணவ் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான். கல்யாண டென்ஷன்னுல்ல நினைச்சேன்."

அங்கேயே மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "என்னடா பண்றே?"

"ஹெல்மெட்டைக் கழுவிட்டு இருக்கேம்மா" என்றான் பிரணவ். கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, தினமும் பைக்கில்தான் போய்வருவான். "உள்ள ஏதோ தூசி போல. தலை தாங்கலை."

பால்கனியில் மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்ததில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று ரோஹிணிதான் அவனுக்குச் சொன்னாள். "சாரி பிரணவ்" என்று முடித்தாள்.

"அப்போ இந்த ஹெல்மெட்டை நான் சும்மாவா மூணு நாளா திட்டினேன்?" என்றான்.

அன்று மாலை அபிதகுஜாம்பாள் அவனை வாரிப் பார்த்து, ஐந்து கிடைத்ததாகப் படம் எடுத்து அனுப்பினார். அவனுக்கும் ரோஸி கடையிலிருந்துதான் மருந்து போனது. ரோஹிணி தன் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து நாலு தடவை எழுதி அழித்துவிட்டு, ஐந்தாவது தடவை அனுப்பினாள். 'எனக்கும் பேன் வந்திருக்கு. இன்னைக்கு மருந்து போட்டுட்டேன். எல்லாரும் பிள்ளைங்க தலையை ஒரு தடவை பாருங்க. இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, எப்படிப் போடணும்னு சொல்றேன்.' ஐந்து நிமிஷத்தில் ஒருத்தி, 'எங்க வீட்டுலயும் மிஸ், ஒரு மாசமா' என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்குள் ஒன்பது பேர் எழுதியிருந்தார்கள். அதில் ரெண்டு பேர் பிள்ளை தலையில் எறும்பு சாக்பீஸ் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடவே கூடாது என்று பதில் எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மெல்ல எழுந்து போனாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வாரத்தில் மூன்று முறை வாரிப் பார்த்ததில் சனிக்கிழமை ஒரே ஒரு குட்டிப் பேன் கிடைத்ததோடு சரி. ஏஞ்சல் மல்லிகையை வைத்துவிட்டு, "இப்போ வூடு காலி" என்று காதில் சொன்னதில், முகூர்த்தப் படங்கள் எல்லாவற்றிலும் ரோஹிணி சிரித்துக்கொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை, விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிப் போனபின், பீர்க்கன்கரணை வீட்டின் பின்பக்கம் வெயில் படாத இடத்தில் ரெண்டு ஸ்டூல் போட்டுப் புதுத் தம்பதி உட்கார்ந்தார்கள். ரெண்டு பேர் தலையிலும் மருந்து, ரெண்டு பேர் கண்ணிலும் துண்டு. அபிதகுஜாம்பாள் அலாரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் தனியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாராவது ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டோ, காலில் விழச் சொல்லிக்கொண்டோ இருந்தார்கள்.

"ரோஹிணி, ஒண்ணு கேட்கட்டா?" என்றான் பிரணவ் துண்டுக்குள்ளிருந்து. "அன்னிக்கு எங்கம்மா முன்னாடி வந்து நின்னு சொன்னியாமே. பயமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா தலை காந்துச்சே."

"எனக்கு அவங்ககிட்ட எட்டாவது மார்க்ஷீட்டையே காட்டத் தைரியம் வரலை. இன்னும் காட்டலை."

"இன்னுமா? எங்க இருக்கு?"

"பரண்ல, என் கிரிக்கெட் பேடுக்குள்ள."

ரோஹிணி சிரிக்க, துண்டு நழுவியது. அதை அவசரமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கணக்குல எவ்வளவு?" என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அவள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.