கொக்கியில் ஒரு வெள்ளைக் கோடு

வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள். வேலை செய்யும் பொம்மைத் தொழிற்சாலையில் அவளுக்கு வேறு பெயர்: துப்பாக்கி மேடம். வாசல் காவலாளி வைத்த பெயர் அது. எறும்பைக்கூட ஊதித் தள்ளிவிட்டு நடக்கிறவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று கேண்டீனில் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அவள் வரைந்த துப்பாக்கிக்கு நீல உடம்பு, ஆரஞ்சு மூக்கு. பின்னால் இருக்கும் பிடியை இழுத்தால் உள்தண்டு ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு பின்னுக்கு வரும். சிவப்பு பிளாஸ்டிக் கொக்கி ஒன்று அந்தத் தண்டைக் கவ்விக்கொள்ளும். விசையை அழுத்தினால் கொக்கி விலகும், தண்டு பாயும், முன்னால் அடைபட்ட காற்று ஸ்பாஞ்ச் அம்பைத் தள்ளும். அம்பு சுவரில் பட்டு, தூக்கக் கலக்கத்தில் விழுவதுபோல் விழும். பக்கவாட்டில் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்திருந்தாள். துப்பாக்கி இழுத்து வைக்கப்பட்டிருந்தால் அதில் சிவப்புக் கொக்கி தெரியும். குழந்தை விளையாடும்போது அடுப்படியில் நிற்கும் அதன் அம்மாவுக்கும் எட்டத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கொக்கியை வேண்டுமென்றேதான் மெல்லியதாக வைத்தாள். யாராவது ஒரு முரடன் உள்ளே கனத்த ஸ்பிரிங்கைப் போட்டால் கொக்கி ஒடிந்துவிட வேண்டும், துப்பாக்கி உதவாமல் போக வேண்டும். சோதனை அறையில் அதிக எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது ஒடியத்தான் செய்தது. ஆனால் உடனே ஒடியவில்லை. முதலில் கொக்கியின் அடியில் நகத்தால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அது மெதுவாக அகலமானது. டீ குடித்துவிட்டு வந்தபோதும் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியை இழுத்து உட்காரும்போது பட்டென்று போனது.

"ஒடியுது சார். ஆனா கொஞ்ச நேரம் தாங்கிட்டுத்தான் ஒடியுது," என்று மேலாளரிடம் சொன்னாள்.

"ஒடியுதுல்ல? அது போதும்," என்றார் அவர். அவளுக்கும் அப்போது போதும் என்றுதான் பட்டது.

துப்பாக்கி கடைக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்றை வாங்கி அக்கா மகளுக்குக் கொடுத்தாள். அந்த வருடமே அக்கா தன் வீட்டை விட்டு வந்துவிட்டாள். அத்தான் லேத் பட்டறை வைத்திருந்தார். கை நீட்டுகிற மனிதர். ஒருநாள் கையை அக்காவின் கழுத்தில் வைத்தார். அன்றே மகளைத் தூக்கிக்கொண்டு, மாற்றுத்துணிகூட எடுக்காமல், அக்கா அப்பா வீட்டுக்கு வந்தாள். குழந்தையின் பொம்மைகளெல்லாம் அங்கேயே கிடந்தன.

ஒரு விடுமுறை நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அத்தான் வந்தார்.

அப்பாவுக்குக் காது மந்தம்; கழுத்து விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தொலைக்காட்சியை ஊருக்கே கேட்கும்படி வைத்துக்கொண்டு வினாடி வினா பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை மேசைக்கு அடியில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அத்தானை முதலில் பார்த்தவர் அப்பாதான்.

"வாங்க மாப்பிள்ளை. உக்காருங்க," என்று சொல்லிவிட்டு, கேள்விக்குப் பதில் தப்பிவிடுமோ என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் உட்காரவில்லை. கையிலிருந்த துணிப்பைக்குள்ளிருந்து கருப்பாக ஒன்றை எடுத்து அக்காவுக்கு நேராக நீட்டினார்.

"கிளம்பு. பாப்பாவக் கூட்டிக்கிட்டு வா. வெளிய வண்டி நிக்குது."

அக்காவின் கையில் பாதி மடித்த துண்டு அப்படியே நின்றது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து வந்த சின்னவள் அவற்றை மெல்ல மேசையில் வைத்தாள்.

பிறகு அவள் துப்பாக்கியின் கைப்பிடியைப் பார்த்தாள். அதில் மூன்று பள்ளங்கள் இருந்தன, குழந்தை விரல் பதிவதற்காக. அத்தானின் தடித்த விரல்கள் அவற்றில் அடங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அவள் வரைந்த பள்ளங்கள். கருப்புப் பெயின்ட்டுக்கு அடியில் இருப்பது நீலம். அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. கிட்டத்தட்டச் சிரித்தே விட்டிருப்பாள்.

"நான் விளையாட வரல," என்றார் அத்தான்.

அப்போதுதான் குழல் வாயைப் பார்த்தாள். ஸ்பாஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் தீட்டிய இரும்புக் கம்பியின் முனை மினுங்கியது. அங்கிருந்து கண் பக்கவாட்டு ஜன்னலுக்குப் போனது. சிவப்புக் கொக்கி. அதன் அடியில் ஒரு வெள்ளைக் கோடு.

உள்ளே இருப்பது அவள் போட்ட ஸ்பிரிங் இல்லை. பட்டறைக்காரர் ஏதோ இயந்திரத்திலிருந்து கழற்றிய கனத்த ஸ்பிரிங்கை அழுத்தி வைத்திருக்கிறார். அவர் விசையைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அது போகப் போகிறது. எப்போது என்று மட்டும் தெரியாது. அந்த அறையில் இது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கைத்துப்பாக்கி என்று நம்பி நிற்கிற அக்காவைவிட அவளுக்குத்தான் பயம் அதிகம்.

பொம்மை என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பொம்மையா, பார் என்று அழுத்திக் காட்டுவார். மனிதருக்கு மானம் முக்கியம். சொல்லாமல் நின்றால் கோடு அகலமாகிக்கொண்டே போகும்.

"அத்தான்," என்றாள்.

"நீ பேசாத. இது புருஷன் பொண்டாட்டி விஷயம்."

"அதுக்கு நான் வரல. உங்க கையில இருக்கிறதப் பத்தித்தான் ஒரு வார்த்தை."

தொலைக்காட்சியில் கூட்டம் கைதட்டியது. "என்ன சொல்ற?" என்றார் அவர். கேட்கவில்லை. மெல்லச் சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"அது தானா விட்டுரும் அத்தான். நீங்க அழுத்தவே வேணாம். கீழ இறக்காதீங்க, ஆட்டாதீங்க, அக்கா மேல இருந்து மட்டும் திருப்புங்க."

"கதை விடாத. பயமா இருக்கா? இருக்கட்டும். அதுக்குத்தான் வந்தேன்."

"பயமாத்தான் இருக்கு. நான் வரைஞ்ச கொக்கி அது. எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியும்."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே சின்னவளுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். அக்கா சுவரோடு ஒட்டி மெல்ல நகரப் பார்த்தாள். துப்பாக்கியும் அவளோடு நகர்ந்தது.

மேசைக்கு அடியிலிருந்து குழந்தை வெளியே வந்தது.

"அப்பா, அது என்னோடதுதானே? ஏன் கருப்பா இருக்கு?"

கேட்டுக்கொண்டே, கொடு என்பதுபோல் கையை நீட்டியபடி, குழல் வாய்க்கு நேராக நடந்தது. சின்னவளுக்குக் கால் தரையில் அறைந்தாற்போல் ஆகிவிட்டது. போய்ப் பிடித்து இழுக்க வேண்டும் என்று மனம் சொன்னது. உடம்பு கேட்கவில்லை.

"அங்கயே நில்லு பாப்பா," என்றார் அத்தான். குரல் பிசிறியது. துப்பாக்கியைச் சட்டென்று மேலே தூக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்படியே, சின்னவள் சொன்னதில் ஏதாவது இருக்கிறதா என்று, ஜன்னலை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கம்பி முனை அவருடைய தாடைக்கும் காதுக்கும் நடுவே நின்றது.

சின்னவள் வாயைத் திறக்கவில்லை. அடுத்து நடக்கப் போவது அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு மூச்சு நேரம் சும்மா நின்றாள்.

பிறகு சொன்னாள். "முகத்துக்கிட்ட வேணாம் அத்தான். தள்ளிப் பிடிங்க. மேல பாத்து."

அவர் தள்ளிப் பிடித்தார். ஆனால் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. இரும்போடும் விரிசலோடும் வாழ்ந்த மனிதர். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது விரியுது," என்றார்.

"ஆமா."

"கையால இழுத்துப் பிடிச்சு மெல்லத் தளத்த முடியாது. பட்டறையில வைஸ்ல வச்சு இறுக்கி, கம்பியப் போட்டு நெம்பித்தான் இழுத்தேன்." நெற்றியில் வியர்வை கொட்டியது. "என்ன பண்ணட்டும் சொல்லு."

புலி வாலைப் பிடித்த கதை. கீழே போட்டால் விழுகிற அதிர்ச்சியிலேயே போய்விடும். சிமென்ட் தரையிலோ சுவரிலோ கூரையிலோ விட்டால் தெறித்து யார்மேல் பாயும் என்று சொல்ல முடியாது. உள்ளறை மூலையில் சுருட்டி வைத்த பஞ்சு மெத்தை இருந்தது. அங்கே போக வேண்டும் என்றால் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"என்னோட வாங்க. முனை மேலயே இருக்கட்டும்."

அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கையை அவள் தொட்டதே இல்லை. ஈரமாக, சில்லென்று இருந்தது. அதன் நாடி அவள் விரலில் அடித்தது. இருவரும் கண்ணாடித் தட்டைத் தூக்கிப் போகிறவர்களைப்போல் அடிமேல் அடி வைத்தார்கள். அப்பாவுக்கும் திரைக்கும் நடுவே வந்தபோது அப்பா எரிச்சலோடு கையை ஆட்டினார்.

"மறைக்காதீங்கப்பா. கடைசிக் கேள்வி."

ஜன்னலில் சிவப்பைவிட வெள்ளை அதிகமாகத் தெரிந்தது. அத்தான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார், வேண்டுதலா திட்டா என்று தெரியவில்லை. உள்ளறை வாசற்படியைத் தாண்டினார்கள். முனையை மெத்தைக்கு நேராக இறக்கினார்கள். இன்னும் முழுதாக நேராகவில்லை, அதற்குள் போனது.

சுள்ளி ஒடிகிற சத்தம்தான். இதற்கா இவ்வளவு என்று நினைக்கும்படியான சத்தம். துப்பாக்கியின் உடம்பு இரண்டாகப் பிளந்து அத்தானின் உள்ளங்கையைக் கிழித்தது. மெத்தையில் ஓர் ஓட்டை. சின்னவள் போய் மெத்தையைப் புரட்டினாள். கம்பி மறுபக்கம் வந்து சுவரின் பூச்சுக்குள் இறங்கியிருந்தது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

அத்தானும் சுவரில் சரிந்து உட்கார்ந்தார். "பயமுறுத்தலாம்னுதான் வந்தேன். சுடணும்னு இல்ல. சத்தியமா."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வாசற்படியில் வந்து நின்றாள்.

"எழுந்து போங்க," என்றாள்.

"ரத்தம் வருது."

"வழியில கட்டிக்கோங்க."

அவர் எழுந்து போனார். "அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று அப்பா கேட்டார். அக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிறகு தாழைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே உடைந்த துண்டுகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி துண்டுகளைப் புரட்டிவிட்டு, "பொம்மைதானேம்மா," என்றார். வீட்டுக்கு வந்து சுவரில் இறங்கியிருந்த கம்பியைக் குறடு போட்டும் பிடுங்க முடியாமல் போனபோதுதான் பேனாவைத் திறந்தார். அத்தானைக் கூட்டிப் போனார்கள். அக்கா பக்கமே வரக் கூடாது என்று பிறகு நீதிமன்றம் உத்தரவு போட்டது.

தொழிற்சாலையில் மேலாளர் முதலில் நம்பவில்லை. "யாரும்மா பொம்மைக்குள்ள இயந்திர ஸ்பிரிங் போடுவான்?"

"எங்க அத்தான் போட்டார் சார்," என்றாள் சின்னவள். ஒடிந்த கொக்கியை அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தன் பிள்ளைக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். உடனே கடைகளுக்குத் தொலைபேசியில் பேச ஆரம்பித்தார். போன பெட்டிகளெல்லாம் திரும்பி வந்தன.

புதிய கொக்கியை அவள் தடிமனாகவும் வைக்கவில்லை, மெல்லியதாகவும் வைக்கவில்லை. தண்டைக் கவ்வும் அதன் பல்லைச் சரிவாக வெட்டினாள். மென்மையான ஸ்பிரிங் என்றால் பல் பிடித்துக்கொள்ளும். கனத்த ஸ்பிரிங் என்றால் பிடிக்கவே பிடிக்காது, இழுக்கும்போதே வழுக்கிவிடும். ஒரு நொடிகூடத் தாங்காது. சோதனை அறையில் அவளே எல்லா எடையையும் மாட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் வழுக்கும் சத்தத்துக்கு அவளுடைய தோள் தூக்கிப்போட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்கள்.

வடிவம் முடிவானதும் கொக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவிடம் காட்டினாள். அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குழந்தை அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு அவரு முகத்துக்கிட்ட வச்சிருந்தப்ப, நீ கொஞ்ச நேரம் பேசாம நின்ன," என்றாள் அக்கா. "நான் பாத்தேன்."

பொய் சொல்லாமலேயே சின்னவளுக்குக் காது சுட்டது. "ஆமா," என்றாள்.

"அப்புறம் ஏன் சொன்ன?"

"பாப்பா பாத்துக்கிட்டிருந்தா."

அக்கா தலையாட்டினாள். கொக்கியைத் தங்கையின் கையில் திருப்பி வைத்தாள். "அவ கண்ணப் பொத்தணும்னுதான் அப்ப நான் கைய நீட்டினேன்," என்றாள். "அவள இழுக்கணும்னு தோணல. நடக்கப் போறத அவ பாக்கக் கூடாதுன்னுதான் தோணிச்சு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாசலில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்து போகும் சத்தம் கேட்டது. அது தெருமுனையைத் தாண்டும்வரை இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.