அருள்சாமி பேரில் ஒரு இக்காமா

சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தவர் பேர் என்னவென்று குமாஸ்தா கேட்டபோது, அற்புதம் "ஏசுராஜுங்க" என்றாள். செத்தவன் அவள் புருசன் அருள்சாமி. ஏசுராஜ் அவள் கொழுந்தன். அந்த நேரத்தில் சவூதியில் கல்லுக்குண்டாட்டம் சிமென்ட் கலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஞானசுந்தரி, ஏசுராஜின் பெண்டாட்டி, அந்தப் பேர் காதில் விழுந்ததும் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் என்ன செய்வாள், பாவி மகள்! அப்படிச் சொல்லச் சொன்னவளும் அவள்தான்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது எண்பத்திரண்டில். வேலை விசா வந்தது அருள்சாமிக்கு. மெட்ராஸில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தழும்பு, தேறாது என்றுவிட்டார்கள். கைக்கு வந்த விசாவை விட யாருக்கு மனசு வரும்? நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் அவர்களுக்குப் பழகிப்போன வழி ஒன்று இருந்தது. ஒருத்தருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இன்னொருத்தர் போய் அவர் பேருக்குக் குரல் கொடுத்து, அவருக்காகக் காப்பிப் பழம் பறிப்பார். கணக்கு எழுதுகிற ரைட்டருக்குக் கூடை நிறைந்தால் சரி. அதே நினைப்பில்தான் அண்ணன் பேருக்குத் தம்பி போனான். பாஸ்போர்ட்டில் படத்தை மாற்றி ஒட்ட ஏஜெண்டுக்குத் தெரிந்திருந்தது. அங்கே தங்கி வேலை செய்ய அரசாங்கம் தருகிற இக்காமா அட்டையும் அருள்சாமி பேரில், ஏசுராஜின் முகத்தோடு வந்தது.

அந்த அட்டைக்காகத்தான், நாலு மாதம் வேலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த அருள்சாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஞானசுந்தரி அழுதாள். எஸ்டேட்டில் செத்தவன் பேரை அன்றைக்கே வெட்டிவிடுவார்கள். இங்கே வெட்டினால் அங்கேயும் வெட்டுவார்கள் என்று அவளுக்குக் குலை நடுக்கம். "அக்கா, அங்க புடிச்சு செயில்ல போட்டுருவாங்கக்கா. உங்களக் காலத்துக்கும் அவரு பாத்துக்குவாருங்க" என்றாள். அற்புதத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடக்கத்துக்கு ரைட்டர் மாதையன் மாலையோடு வந்தார். அடுத்த வாரம் அதே மாதையன், அருள்சாமி செத்ததற்கு அத்தாட்சி கேட்டார். அந்த எஸ்டேட்டில் புருசன் செத்தால் அவன் வேலையும் குடியிருக்கிற லைன் வீடும் பெண்டாட்டிக்கு. ஆனால் காகிதம் வேண்டும்.

"நாந்தான் குழியில மண்ணு போட்டேன் அம்மிணி. ஆனா தொரைக்கு எங்கண்ணு அத்தாட்சி ஆகுமா?" என்றார்.

அற்புதம் ஏஜெண்டிடம் ஓடினாள். அவன் சிரித்தே விட்டான். சேலத்தில் எவன் செத்தால் சவூதிக்காரனுக்கு என்ன தெரியும், முதலாளி சரி என்றால் அட்டை புதுசாகும், அவ்வளவுதான் என்றான். அட தேவனே! ஒன்றுமில்லாத பயத்துக்குப் புருசன் பேரைத் தொலைத்திருந்தாள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உயிரோடு இருக்கிற ஏசுராஜைக் கொண்டுவந்து நிறுத்தினால் திருத்தலாம் என்றார்கள்.

கொழுந்தனுக்கு எழுதினாள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் எஸ்டேட் ஆபீஸுக்கு வந்தது. லைன் வீட்டுக் கடிதங்களெல்லாம் அங்கேதான் வரும். உறையின்மேல் அனுப்புநர்: அருள்சாமி. மாதையன் கைக்குப் போவதற்குள் துரை பார்த்துவிட்டார். ஆறு மாதமாக வேலைக்கு வராதவன் போன இடம் இதுதானா, புருசன் வெளிநாட்டில் சம்பாதிக்க, இவள் அவனைச் சாகடித்துவிட்டு வீடு கேட்கிறாளா என்று வைதார். மாதக் கடைசிக்குள் காலிசெய்யச் சொன்னார். மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே.

இக்காமாவை இன்னும் இரண்டு வருசத்துக்குப் புதுப்பித்தாயிற்று, நடுவில் வந்தால் திரும்பிப் போக முடியாது என்று எழுதியிருந்தான் ஏசுராஜ். அண்ணி பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கே உட்கார்ந்து பொறுப்பது என்று மட்டும் எழுதவில்லை.

கடிதம் வந்தது தெரிந்து ஞானசுந்தரி வாழவந்தியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். "நல்லா இருக்கறாருங்களாக்கா?"

அற்புதம் அவளைப் பார்த்தாள். அருள்சாமி செத்தான் என்று இனி ஒரு காகிதம் வரவேண்டுமானால், அங்கே ஏசுராஜ் சாகவேண்டும். சாகட்டுமே என்றது மனசு. சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கறாராம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், வெளிநாட்டில் பாடுபடுகிறவர்களின் சுகத்துக்காகச் சாமியார் வேண்டச் சொன்னார். ஞானசுந்தரி கண்ணை மூடிச் சத்தமாக வேண்டினாள். அற்புதமும் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தாள். வாயைத் திறக்கவே இல்லை.