ஒரே தட்டில் அம்மாவும் வேனும்

அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர். மறைவில் வைத்த பெயர்தான். நாளடைவில் முகத்துக்கு நேராகவே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை. எழுதி முடித்தபின் சோதித்தால் போதாதா? இவளோ ஒரு வரிகூட எழுதாத முதல் கூட்டத்திலேயே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்பாள். "உலை வைக்கிறதுக்கு முன்னாடியே உப்பு சரியா இருக்கான்னு கேக்கற ஆளு நீ" என்று வீட்டில் சமைக்கும் கணவனே அலுத்துக்கொள்வான்.

இந்த முறை தலைவர் தீர்த்துச் சொல்லிவிட்டார். "பள்ளி வேன் வேலையோட சரி. அடுத்ததுலேருந்து எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து பாத்தா போதும். உனக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போயிடுது."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைக் கட்டி முடித்தபிறகு கதவு எங்கே என்று கேட்கும் பிழைப்பு அவளுக்கு வேண்டாம்.

பள்ளி மேலாளர் அம்மா கேட்டது ஒன்றுதான். வீட்டு ஆள் நிறுத்தத்தில் நிற்காவிட்டால் குழந்தையை இறக்கக் கூடாது. பெற்றோரின் போன் இருக்கும் இடத்தைப் பார்த்து, ஓட்டுநரின் டேப்லெட்டில் பச்சையோ சிவப்போ எரிய வேண்டும்.

"ஆள் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டா?" என்று முதல் நாளே கேட்டாள் குடைச்சல்.

"அப்பச் சிவப்புதான். வேன் நிக்கற நேரத்துல ஆள் அங்க இருக்கணும்மா."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அவள் விடவே இல்லை. திட்டம் போடும்போதும் கேட்டாள், நிரல் எழுதும்போதும் கேட்டாள். எழுதுகிற பையனுக்கு, கை வேகத்தால், புயல் என்று பெயர். எல்லாச் சோதனையும் தேறிவிட்டதாக அவன் காட்டினான். அவளுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது.

அப்புறம்தான் பார்த்தாள். சோதனைக்கென்று பெயர் ஒட்டி வைத்த அப்பா போன், அம்மா போன், வேன் டேப்லெட் மூன்றும் அவன் மேஜையில் ஒரே பிளாஸ்டிக் தட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. அந்தத் தட்டில் எந்த அம்மாவும் வராமல் போக வழியே இல்லை. சிவப்பு வருகிறதா என்று பார்க்க, அம்மா வேறெங்கோ இருப்பதாகப் பொய்யாக ஓர் இடத்தைத் தட்டிவிடுவான், அதோடு சரி.

அம்மா போனை எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறி, சிக்னல் எட்டாத அடித்தளத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

"என்ன நிறம் காட்டிச்சு?"

"பச்சைதான்க்கா. மாறவே இல்ல."

"அங்க சிக்னலே கிடையாது. அம்மா எங்க இருக்காங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புயல் ஓய்ந்துவிட்டது. சிக்னல் போனதும் நிரல் கடைசியாகத் தெரிந்த இடத்தையே பிடித்துக்கொண்டு, அம்மா நிற்கிறாள் என்று சாதித்திருக்கிறது. முணுமுணுத்துக்கொண்டே திருத்தினான்: தகவல் இல்லையென்றால் சிவப்பு.

மேலாளர் அம்மா பார்க்க வந்த நாளில், தானே அப்பாவாக நிற்பதாகத் தலைவர் சொன்னார். அப்பா போனுடன் வாசலுக்குப் போனார், அதுதான் நிறுத்தம். மேலே டேப்லெட் பச்சையானது. திரையில் பாவனையாக ஓடவிட்ட வேன் இன்னும் பக்கத்துத் தெருவில் ஊர்ந்துகொண்டிருந்தது. தன் வேலை முடிந்ததென்று தலைவர் சிக்னல் எட்டாத லிஃப்டில் ஏறிவிட்டார்.

வேன் வாசலை அடைந்த நேரம், டேப்லெட் சிவந்தது.

கதவு திறந்து, வாயெல்லாம் பல்லாகத் தலைவர் உள்ளே வந்தார்.

மேலாளர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குழந்தைய விட்டுட்டு எங்க சார் போனீங்க?"

அவர் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் கேட்டது இதேதான்" என்று அந்த அம்மா டேப்லெட்டைத் தட்டிச் சிரித்தார்.

"முன்னாடி இதுக்குப் பச்சைதான் வந்துட்டு இருந்துது சார்," என்றான் புயல். "அக்காதான் புடிச்சாங்க."

குடைச்சல் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவ்வளவு அழகான சிவப்பை அவள் பார்த்ததில்லை.

அடுத்த வேலையின் முதல் கூட்டத்துக்கு அவளை யாரும் அழைக்கவில்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்ட அறையிலிருந்து தலைவர் தலையை நீட்டினார்.

"குடைச்சல், நீ வராம எப்படி ஆரம்பிக்கிறது?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி சார், சொல்லுங்க. இது யாருக்கு, எதுக்கு?"