எடுக்கும்வரை அடுப்பில்லை

அமெரிக்கா எங்கேயாவது குண்டு போட்டால், ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ராஜகோபாலன் வீட்டுக்குள் சுண்ணாம்புத் தூசி கொட்டும். பக்கத்து மாடியில் காயும் வடாமில் ஒரு துகள் விழாது. முதலில் கூரையைத்தான் சந்தேகப்பட்டார்கள். கொத்தனார் அழகிரி இரண்டு தடவை பூசிப் பார்த்துவிட்டு, "கூரையில ஒண்ணுமில்லீங்க, டிவியப் பாருங்க" என்று சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். டிவியில் பாக்தாத்தில் ஒரு கட்டடம் சரிந்துகொண்டிருந்தது. இடிபாட்டிலிருந்து கடைசிப் பிணத்தை எடுக்கும்வரை தூசி நிற்காது என்பது அடுத்தடுத்த போர்களில் தெரிந்துபோயிற்று.

தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை அக்கம்பக்கத்தில் அடுப்பு மூட்டமாட்டார்கள். ராஜகோபாலனின் மனைவி சத்யபாமா அதைப் பிடித்துக்கொண்டாள். இது வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிற சாவு ஆயிற்றே! அவளுக்குச் சர்க்கரை வேறு. பட்டினி கிடந்து மயங்கி விழுந்ததும் உண்டு. ஒவ்வொரு முறையும் யாருக்கோ விடுதலை வாங்கித் தரப்போவதாகத்தான் சொன்னார்கள். அமெரிக்காவில் அதிபர் மாறினார், கட்சி மாறியது, அடிவாங்கும் நாடும் மாறியது. கொட்டியது அதே தூசி. கோபப்பட்டுக் கோபப்பட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

குண்டு போடும் அந்த விமானங்களுக்குக் குறிபார்த்துக் கொடுக்கும் மென்பொருளை எழுதும் அமெரிக்கக் கம்பெனியில்தான் மகன் தேசிக் இருந்தான். தூசி விழும்போதெல்லாம் போன் போட்டு, "எல்லாரையும் எடுத்தாச்சாடா?" என்பாள்.

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா. நீ மொதல்ல சாப்பிடு" என்பான்.

ஆறு வருஷம் கழித்து இந்தக் கோடையில் அவன் வந்து இறங்கினான். அம்மா கை வத்தக்குழம்பை நினைத்து விமானத்தில் கொடுத்ததைக்கூடத் தொடவில்லையாம். பெட்டியைக் கீழே வைக்கவில்லை, கொட்ட ஆரம்பித்தது. சத்யபாமாவுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் அடுப்பை மூட்டவில்லை. தேசிக் கெஞ்சினான், கத்தினான், நீ செத்துப்போவாய் என்று பயமுறுத்தினான். கடைசியில் ஹோட்டலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவன், போகிற போக்கில் அம்மாவின் தலையில் படிந்திருந்ததைத் தட்டிவிட்டான். தூசி இன்னும் சூடாக இருந்தது. இத்தனை வருஷம் போனில் கேட்டதில் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

சாயங்காலம் அவனாகவே கேட்டான். "இன்னும் எடுக்கலையாம்மா?"

"இல்லடா."

மறுநாளும் கொட்டியது. தேசிக் பசியோடு பெருக்கினான்.